மூட்டை பிரிக்கும் மேசை

விடிவதற்கு முன்பே சலவைக்கூடத்துக் கொதிகலன் உறுமத் தொடங்கிவிடும். இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் ஆவி முகத்தில் அறையும். காரச் சோப்பின் நெடி மூக்கைத் துளைக்கும். பெண்கள் ஒவ்வொருவராக வந்து, செருப்பைக் கழற்றி மூலையில் விட்டு, முட்டிவரை ஏறும் ரப்பர்க் காலணிக்குள் காலை நுழைப்பார்கள். முந்தின நாள் ஈரம் அதற்குள் ஜில்லென்று உட்கார்ந்திருக்கும். அப்புறம் உருளை இயந்திரத்தின் வாய்க்குள் பாதி உடம்பை விட்டு, முறுக்கிக்கொண்டு கிடக்கிற துணியை இழுத்தெடுக்க வேண்டும். நனைந்த மேலங்கி ஒன்று, தூங்கிப்போன பிள்ளையைப் போல, பார்வைக்குத் தெரிவதைவிட இரண்டு பங்கு கனக்கும். இழுத்து, பிழிந்து, உலர்த்தும் அறைக்குத் தள்ளுவண்டியில் தள்ளி, திரும்பி வந்து மறுபடியும் குனிய வேண்டும். அங்கே வேலை பார்த்த எந்தப் பெண்ணுக்கும் இடுப்பு இருக்கும் இடம் தெரியாமல் போனதில்லை. அது வலித்தே சொல்லிக்கொண்டிருக்கும்.

முன்பெல்லாம் அங்கே ஓட்டல் போர்வைகள்தான் வெளுக்க வந்தன. கடலோரத்து அணுமின் நிலையத்தில் விபத்து நடந்த பிறகு எல்லாம் மாறிப்போயிற்று. அன்றைக்குக் காலையில் சைரன் ஊத ஆரம்பித்தது, ஊதிக்கொண்டே இருந்தது. நிலையத்து வேலியை ஒட்டியிருந்த தெருக்களைக் காலி செய்தார்கள். மற்றவர்களிடம், "பயப்பட ஒண்ணுமில்லை, சன்னலைச் சாத்திக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பின்பு நிலையத்தைத் துப்புரவு செய்யக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்கள் கழற்றிப் போட்ட மேலங்கிகள் மஞ்சள் மூட்டைகளாக லாரியில் வந்தன. முதலாளி ஓட்டல்காரர்களுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்.

இரண்டு அண்ணன் தம்பிகளுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். பெரியவள், சின்னவள் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பெரியவள் இயந்திரத்துப் பக்கம். சின்னவள் அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். ஆகையால் மூட்டை பிரிக்கும் மேசையில் இருந்தாள்.

அது அந்தப் பெண்களே வைத்துக்கொண்ட வழக்கம். அங்கே இருந்ததிலேயே லேசான வேலை மூட்டை பிரிப்பதுதான். நாற்காலி உண்டு. ஈரம் கிடையாது. முடிச்சை அவிழ்த்து, அங்கியை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, பையில் ஏதாவது இருக்கிறதா என்று துழாவி, கிழிந்ததை ஒரு பக்கமும் நல்லதை ஒரு பக்கமும் போட வேண்டும். போர்வைக் காலத்திலிருந்தே யாருக்கு வயிறு தெரிய ஆரம்பிக்கிறதோ அவளுக்குத்தான் அந்த நாற்காலி. இன்னொரு வசதியும் இருந்தது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் வயிறு மறைந்துவிடும். ஏனென்றால் முதலாளிக்கு ஒரு சட்டம் உண்டு: வயிறு வந்தால் வீட்டுக்கு. சம்பளம் கிடையாது. திரும்பி வரும்போது இடம் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

சின்னவளுக்கு முதலில் ஒன்று தங்காமல் கலைந்துபோயிருந்தது. இந்தத் தடவை அவள் சொன்ன மறுநாளே பெரியவள் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"எனக்கு இன்னும் வயிறே தெரியலையேக்கா. நான் துவைக்கிறேன்."

"வாயை மூடிட்டு உக்காரு. போன தடவை இப்படித்தான் வீராப்பு பேசின. உன் பங்குத் துணியை நான் இழுக்கிறேன்."

இழுத்தாள். மாதக்கணக்கில் இரண்டு பேர் வேலையை ஒருத்தி இழுத்தாள்.

அன்றைக்கும் சின்னவள் மூட்டையை அவிழ்த்து அங்கியை உதறினாள். சாம்பல் நிறத்தில் மாவு போல ஒரு தூசி எழுந்து விளக்கு வெளிச்சத்தில் மிதந்தது. வாயில் கட்டக் கொடுத்திருந்த காகித முகமூடியை அவள் கழுத்துக்கு இறக்கியிருந்தாள். பிள்ளையைச் சுமக்கிற பெண்ணுக்கு மூச்சு முட்டாதா?

உருளைப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அறுபதை நெருங்கும் ஒரு பெண். விபத்தன்று ஊதினதைவிடத் தன் தொண்டை பெரிசு என்று பெருமையடித்துக்கொள்வாள். அதனால் அவளுக்குச் சைரன் என்றே பேர்.

"ஏண்டி, மகாராணி கணக்கா உக்காந்திருக்கியே. கிரீடம் வாங்கித் தரவா?"

"கிரீடம் வேணாம்க்கா. முதுகு சொறிய ஒரு ஆளைப் போடு, போதும்."

"அதுக்குத்தான் உனக்குப் புருஷன்னு ஒருத்தனைக் கட்டிவச்சிருக்கு!"

தேய்க்கிற மேடையிலிருந்து இஸ்திரிக்காரர் இருமினார். கால் தாங்கி நடக்கும் மனிதர்; வேலை வாங்குகிற மேஸ்திரியை விட்டால் பெண்களுக்கு நடுவே ஒரே ஆண்பிள்ளை. அவர் இருமினால் முதலாளி வருகிறார் என்று அர்த்தம். சின்னவள் துணிக் குவியலை மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதலாளி எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். "எல்லாரும் சௌக்கியமா? ஒரு விஷயம் சொல்லணும்மா. நிலையத்துல நமக்குக் குடுக்கிற கூலியைக் குறைச்சுட்டாங்க. இந்த மாசத்துலேருந்து கூடுதல் நேரத்துக்குத் தனியாக் காசு கிடையாது. நாமெல்லாம் ஒரே குடும்பம். நீங்கதான் பொறுத்துக்கணும்."

"குடும்பம்னா கஷ்டத்தை மட்டும்தான் பங்கு போடுவீங்களா முதலாளி?" என்றாள் பெரியவள்.

அவர் சிரித்தார். "உனக்கு வாய் மட்டும் இல்லைன்னா நாய் தூக்கிட்டுப் போயிடும்மா" என்றார். மேசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பார்த்தும் பார்க்காதது போல வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு சில நாட்களிலேயே, மாதம் நிறைவதற்குள், அந்த நாற்காலியில் வைத்தே சின்னவளுக்கு வலி கண்டது.

பெண் குழந்தை. பிறந்ததும் அழவில்லை, கொஞ்ச நேரம் கழித்து, யாரையோ தொந்தரவு செய்துவிட்டது போல, மெல்ல முனகியது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மூக்கில் குழாய், காலில் ஊசி. உள்ளங்கையில் அடங்கிவிடும் போல உடம்பு. தலை, அந்த உடம்புக்கும் சின்னதாக இருந்தது. சின்னவள் எவ்வளவு நேரம் பார்த்தாலும் அவள் கண் அந்தத் தலையில் வந்தே நின்றது.

அவள் புருஷன் வெல்டிங் வேலை செய்கிறவன். நெருப்பைப் பார்த்துப் பார்த்துச் சிவந்த கண். "அப்பனைப் போலத்தான், கண்ணைத் திறக்கவே சோம்பேறித்தனம்" என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சொன்னான். சொல்லிவிட்டு அப்படியே திரும்பி மாடிப்படிப் பக்கம் போனான். வெகுநேரம் வரவில்லை.

டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசுகிறவர். "என்னம்மா வேலை பார்த்தே?" என்று கேட்டார்.

"சலவைக்கூடம் டாக்டர். நிலையத்துத் துணி. ஆனா நான் துவைக்கலீங்க. கஷ்டமான வேலை எதுவும் என்னைச் செய்ய விடலை. எங்கக்கா உக்கார வச்சுட்டாங்க. மூட்டையைப் பிரிச்சு, உதறிப் போடறது. அவ்வளவுதான்."

டாக்டரம்மா இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

"துவைக்கிறதுக்கு முன்னாடியே உதறுவீங்களா?"

"உதறாம எப்படி டாக்டர்? பையில ஸ்க்ரூ, ஆணி எல்லாம் கிடக்கும். மிஷின் கெட்டுப்போயிடும்."

"முகமூடி?"

"மூச்சு முட்டுச்சுங்க."

டாக்டரம்மா அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "பாரும்மா. அந்தக் கதிரு தூசியிலதான் ஒட்டிக்கிட்டு வரும். நனைஞ்சுட்டா தண்ணியோட போயிடும். காஞ்ச துணியை உதறினா காத்துல கலந்து மூச்சு வழியா உள்ள போகும். அது எவ்வளவு போச்சு, எந்த மாசத்துல போச்சுங்கறதைப் பொறுத்துதான் வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஆபத்து."

"அதனாலதான் இவளுக்கு இப்படியா?"

"அப்படின்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. விபத்தே நடக்காத ஊர்லயும் இப்படிப் பிள்ளைங்க பொறக்குது. இல்லைன்னும் சொல்ல முடியாது. உன்னை அப்பவே யாராவது அளந்து பார்த்திருந்தா ஏதோ சொல்லலாம். அளந்தாங்களா?"

சின்னவள் தலையை ஆட்டினாள். யாரும் அளக்கவில்லை.

"நான் சுகாதாரத் துறைக்குச் சொல்றேன்" என்றார் டாக்டரம்மா. "பிள்ளை எடை ஏறட்டும். பார்வை, காது, வளர்ச்சி எல்லாத்தையும் வருஷக்கணக்கா கவனிச்சுக்கிட்டே இருக்கணும். நீ பாலை மட்டும் நிறுத்திடாதே. உன்னைச் சோதிச்சுப் பார்த்தாச்சு, பால் குடுக்கலாம். அது ஒண்ணுதான் இப்ப அவளுக்கு நீ செய்யக்கூடியது."

அப்படியாகச் சின்னவள் நேரத்துக்கு நேரம் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்தாள். நர்ஸ் அதைக் குழாய் வழியாக விட்டாள். யார் யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பெரியவள் மட்டும் வரவில்லை. கொழுந்தனிடம் சாப்பாடு கொடுத்தனுப்பினாள், அவள் வரவில்லை.

ஒருநாள் சைரன் வந்தாள். வார்டு என்பதால் குரலை அடக்கிக்கொண்டு பேசப் பார்த்தாள். அப்படியும் பக்கத்துக் கட்டில் பெண் திடுக்கிட்டு எழுந்தாள்.

"அளக்கிறதுக்குச் சுகாதாரத் துறையிலேருந்து ஒரு பொண்ணு வந்தாடி. கையில ஒரு பெட்டி. மிஷின் பக்கம் நீட்டினா, சும்மா டிக்கு டிக்குன்னுச்சு. உலர்த்துற ரூம்ல அதுவும் இல்லை. அப்புறம் மேசைக்கிட்டக் கொண்டு போனா பாரு..." சைரன் நிறுத்தினாள். "ஒரே கத்தல். நாற்காலிக்கு மேல பிடிச்சா இன்னும் கத்துது. 'இங்க யாரு உக்காருவாங்க?'ன்னு கேட்டா. ஒருத்தி வாயைத் தொறக்கணுமே! உங்கக்கா நின்ன இடத்துலயே ஈரத்தரையில உக்காந்துட்டா. தூக்கி நிறுத்த நாலு பேர் வேண்டியிருந்துச்சு."

சைரன் போன பிறகு, பெரியவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன அந்தக் காலை நேரம் சின்னவளுக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. நான் துவைக்கிறேன் என்று சொன்னேனே. சொன்னேனா இல்லையா? அவள் வயிறு எரிந்தது. யார்மேல் என்று அவளுக்கே சரியாகப் பிடிபடவில்லை. கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தவள் பெரியவள்தான்.

அந்தி சாயும் நேரத்தில் பெரியவள் வந்தாள். வார்டு வாசலில் நிலைப்படிக்கு வெளியேயே நின்றாள்.

"ஏன் அங்கயே நிக்கிறே?"

"உள்ள வரலாமா?"

"என்னைக் கேட்டுட்டா அன்னைக்கு உக்கார வச்சே?"

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அதை வாரி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"இல்லை" என்றாள் பெரியவள்.

"நான் துவைக்கிறேன்னு சொன்னேன்."

"சொன்னே."

"எல்லாத்துக்கும் தலையாட்டாதே! ஊரையே சண்டைக்கு இழுப்பியே, என்கூடச் சண்டை போடேன்!"

பெரியவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன சண்டை போடறது? என் ரெண்டு பிள்ளைங்களும் வயித்துல இருந்தப்ப நான் அந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். போர்வை உதறுவேன். ரெண்டும் கல்லு மாதிரி பொறந்துச்சுங்க. ராசியான நாற்காலின்னு மனசுல நினைச்சுக்கிட்டேன். உனக்கும் அப்படியே பொறக்கட்டும்னு..." அவளுக்கு மேலே வரவில்லை. "துணி மாறினதை நான் பார்த்தேன்டி. மூட்டை மாறினதைப் பார்த்தேன். நாற்காலியும் மாறிடுச்சுன்னு எனக்குத் தோணவே இல்லை."

சின்னவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழவும் இல்லை. விளக்குப் போட வந்த பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வெகுநேரம் கழித்துச் சுவரைப் பார்த்தபடியே சின்னவள் கேட்டாள்.

"இப்ப அங்க யாரு உக்கார்றா?"

"அளந்துட்டுப் போனவங்ககிட்டேருந்து இன்னும் ஒரு உத்தரவும் வரலை. முதலாளி ஒரு ஃபேன் வச்சிருக்கார். சன்னலைத் தொறந்துவச்சாச்சு, சரியாப் போச்சுங்கறார். ஒருத்தியே உக்கார வேண்டாம்னு தினம் ஒருத்தியா முறை போட்டிருக்கார்."

"நாளைக்கு யாரு?"

பெரியவள் முந்தானை நுனியைத் திருகினாள். சின்னவள் எழுந்து உட்கார்ந்தாள். "யாருக்கா?"

"புதுப்பொண்ணு."

போன வருடம்தான் கல்யாணமாகி, சில மாதங்களுக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவள். எதற்கெடுத்தாலும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பெண்.

"அவளுக்கு என்ன?"

"ரெண்டு மாசமாக் குளிக்கலை. எங்கிட்ட மட்டும்தான் சொன்னா. புருஷன் கால் ஒடிஞ்சு வீட்டோட கிடக்கிறான். வேலை போனா அடுப்பு எரியாது. என் முறையை மாத்தித் தர்றேன்னு கேட்டேன். கூடாதாம். ஏன் மாத்தணும்னு மேஸ்திரி நோண்டி நோண்டிக் கேக்கிறான். காரணம் சொன்னா நாளைக்கே வீட்டுக்கு. சொல்லலைன்னா அந்த நாற்காலிக்கு."

கண்ணாடிப் பெட்டி இருந்த அறையிலிருந்து ஏதோ ஒரு கருவி பீப் பீப் என்று சத்தமிட்டது. இருவரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அது வேறு குழந்தையுடையது.

சின்னவள் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தாள். "விடியறதுக்குள்ள என்னைக் கூட்டிட்டுப் போ."

"உனக்கென்ன பைத்தியமா? பச்சை உடம்பு!"

"என் உடம்பு இருக்கட்டும்."

மறுநாள் இருட்டுப் பிரியும்போது அவள் சலவைக்கூடத்து வாசலில் நின்றாள். பாலுக்காக மார்பில் துணி மடித்து வைத்து இறுக்கிக் கட்டியிருந்தாள். பெண்கள் வந்தார்கள். அவளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றப் போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். "பிள்ளை எப்படி இருக்கு?" என்று கேட்க ஒவ்வொருத்திக்கும் வாய் துடித்தது, யாரும் கேட்கவில்லை.

அவளே சொன்னாள். "மூச்சு விடுது. அவ்வளவுதான். தலை சின்னதா இருக்கு. என்ன ஆகும்னு டாக்டருக்கே தெரியலை." பிறகு, "நீங்கெல்லாம் எனக்காக முதுகு ஒடிச்சீங்க. எனக்குத் தெரியும்" என்றாள். அதற்கு மேல் பேசக் கஷ்டமாக இருந்தது. "இன்னைக்கு மூட்டையை யாரும் அவிழ்க்க வேண்டாம். அதைக் கேட்கத்தான் வந்தேன்."

புதுப்பொண்ணு கூட்டத்தின் கடைசியில் நின்றாள். வாயைப் பொத்தியிருந்தாள்; சிரிக்கவில்லை.

லாரி வந்து நின்றது. மஞ்சள் மூட்டைகள் மலைபோல ஏறியிருந்தன. ஒருத்தியும் அசையவில்லை. மேஸ்திரி கத்திப் பார்த்தான். பிறகு போன் செய்தான். முதலாளி சட்டைப் பொத்தானைக் கூடச் சரியாகப் போடாமல் வந்து சேர்ந்தார்.

"என்னம்மா இது? அங்க ஷிஃப்டுக்கு ஆளுங்க துணி இல்லாம நிக்கப்போறாங்க." அப்போதுதான் சின்னவளைப் பார்த்தார். குரல் இன்னும் தணிந்தது. "நீ ஏம்மா இங்க வந்தே? ஓய்வு எடுக்க வேண்டாமா? விஷயம் கேள்விப்பட்டேன். மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு."

"எங்களுக்கும்தான்" என்றாள் சின்னவள்.

"ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. வயித்துப்பிள்ளைக்காரி யாரும் இங்க வேலை பார்க்கக் கூடாதுன்னு நான் சொன்னேனா இல்லையா? நிலையத்துல கேட்டப்பகூட, எங்கிட்ட அப்படி யாரும் இல்லைன்னுதான் சொல்லியிருக்கேன். நீங்களா ஒளிச்சு வச்சா நான் என்ன பண்ணுவேன்?"

பெரியவள் முன்னே வந்தாள். "சொன்னீங்க முதலாளி. ஏன்னு சொன்னீங்களா?"

"ஏன்னா என்ன ஏன்? கூடாதுன்னா கூடாது."

"போர்வை துவைச்சப்பவும் அதையேதான் சொன்னீங்க. அப்ப காசு மிச்சம் பிடிக்கச் சொன்னீங்க. இப்பவும் அதே வாய், அதே பேச்சு. அன்னைக்குக் காசுக்கு, இன்னைக்குப் பிள்ளைக்குன்னு நாங்க எதை வச்சுப் பிரிச்சுப் பார்க்கிறது? தூசியில விஷம்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எந்தச் சிறுக்கி அவளை அங்க உக்கார வச்சிருப்பா? நான் வச்சிருப்பேனா?" அவள் குரல் உடைந்தது. "நிலையத்துல உங்களைக் கேட்டாங்கன்னு இப்ப நீங்களே சொல்றீங்க. அப்ப உங்களுக்குத் தெரியும்."

முதலாளி மென்று விழுங்கினார். "பழைய கதை எதுக்கு? இப்பத்தான் ஃபேன் போட்டாச்சே."

"அந்த ஃபேன் தூசியை எங்க கொண்டுபோகுதாம்? தெருவுக்கா?" என்று சைரன் கேட்டாள். அது அந்தத் தெருவுக்கே கேட்டது.

"சரி, என்னதான் வேணும் உங்களுக்கு?"

சின்னவள் பதில் சொன்னாள். ராத்திரி முழுக்க அவளும் பெரியவளும் படுக்கையில் உட்கார்ந்து பேசிவைத்தது அது. "மூட்டையை இனிமே உதறக் கூடாது. கட்டோட தண்ணியில போடணும். மிஷின் கெட்டா கெடட்டும். எங்க எல்லாரையும் அளக்கணும், அளந்ததை எங்ககிட்டச் சொல்லணும். வயிறு வந்தவளுக்குத் துணி படாத வேற வேலை குடுங்க, இல்லைன்னா வீட்டுல இருக்கச் சொல்லுங்க. ஆனா சம்பளம் குறையக் கூடாது, இடமும் போகக் கூடாது. அப்புறம் எங்களுக்குப் பொறக்கிற பிள்ளைங்களை வளர்ற வரைக்கும் டாக்டர் பார்க்கணும். அந்தச் செலவு எங்களோடது இல்லை."

"உன் பிள்ளைக்கு இதனாலதான்னு டாக்டர் சொன்னாங்களா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"சொல்லலை. அளந்திருந்தா சொல்லலாம்னாங்க. யாரும் அளக்கலை."

முதலாளிக்கு அது தெம்பு கொடுத்தது. "அதானே! சும்மா எதையாவது... சரி, இப்பச் சொல்லுங்க. இங்க யாருக்காவது வயித்துல இருக்கா? இருந்தா இப்பவே வெளிய வரட்டும். இன்னொரு பழி என் தலையில விழக் கூடாது. யாரு முழுகாம இருக்கா?"

கொதிகலன் மட்டும் உறுமியது. புதுப்பொண்ணின் முகம் வெளுத்தது. மேஸ்திரியின் கண் ஒவ்வொரு வயிறாக மேய்ந்துகொண்டு வந்தது.

"நான்தான்" என்றாள் பெரியவள்.

முதலாளி திரும்பினார். "உன் மூத்த பையனுக்கு மீசை முளைச்சாச்சும்மா."

"அதுக்கென்ன? தங்கச்சி வேணும்னு கேட்டான்."

"நானும் முழுகாமத்தான் இருக்கேன்" என்றாள் உலர்த்தும் அறைப் பெண். "நானும்தான்" என்றாள் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள். தலை நரைத்த சைரன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எனக்கு ரெட்டைப்பிள்ளை! ஒண்ணு இப்பவே கத்துது, கேட்குதா?" என்றாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இஸ்திரிக்காரர் காலைத் தாங்கித் தாங்கி வந்து வரிசையில் நின்றார்.

"உமக்கு என்னய்யா?"

"எனக்கும் மசக்கைதாங்க. உங்களைப் பார்த்ததுலேருந்து குமட்டுது."

சிரிப்பு வெடித்தது. அந்தப் பெண்கள் எத்தனையோ நாளாகச் சிரிக்காத சிரிப்பு. சிரித்துக்கொண்டே சிலர் அழுதார்கள். சின்னவளும் சிரித்தாள், தையல் போட்ட இடம் சுரீரென்று இழுத்தது. அந்தச் சிரிப்பு அடங்கின இடைவெளியில், கூட்டத்தின் கடைசியிலிருந்து புதுப்பொண்ணு நடந்து வந்தாள். வாயிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தாள்.

"நான்தான் முதலாளி" என்றாள். "இவங்க எல்லாம் எனக்காகச் சொல்றாங்க. நிஜமா நான்தான். அந்த மேசையில உக்கார மாட்டேன். வீட்டுக்கும் போக மாட்டேன்."

அவள் குரல் நடுங்கிற்று. ஆனாலும் கடைசி வார்த்தைவரை கேட்டது. பெரியவள் அவளுக்கு ஒரு பக்கமும் சைரன் இன்னொரு பக்கமும் வந்து நின்றுகொண்டார்கள்.

"ஆட்டமா ஆடறீங்க? சாயங்காலத்துக்குள்ள வேற ஆளுங்களைக் கொண்டுவந்து இறக்கறேன் பாருங்க" என்றார் முதலாளி. குரலில் அந்த மென்மை இப்போது இல்லை. லாரிக்காரரைப் பார்த்து, "நீ என்ன வேடிக்கை பார்க்கிறே? மூட்டையை இறக்கு" என்றார்.

லாரிக்காரர் கீழே இறங்கி அதுவரை கேட்டுக்கொண்டிருந்தார். குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். தோளில், மடிப்பில், அந்தச் சாம்பல் தூசி படிந்திருந்தது. தட்டிவிடக் கையைக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இதை வீட்டுல என் பொண்டாட்டிதான் உதறித் துவைக்கிறா" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "கைப்பிள்ளைக்காரி." பிறகு லாரியின் பின்பக்கக் கதவைத் தூக்கிச் சாத்திக் கொண்டியைப் போட்டார். "நான் இதை அப்படியே நிலையத்துக்குத் திருப்பிக் கொண்டுபோறேன். ஏன் இறக்கலைன்னு அங்க கேட்கட்டும். துணி போடுறவங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

லாரி பின்னால் போய்த் திரும்பியது. முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். பெண்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். எதுவும் கிடைத்துவிடவில்லை. சாயங்காலத்துக்குள் வேறு ஆட்கள் வரலாம், போலீஸ் வரலாம், நாளைக்கு அடுப்பு எரியாமல் போகலாம். எல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்தார்கள்.

சின்னவளின் மார்பில் துணி நனைந்துவிட்டது. "நேரமாயிடுச்சு, பால் குடுக்கணும்" என்று எழுந்தாள். நாலடி நடந்து நின்றாள். திரும்பாமலே, "அக்கா, நீ இன்னும் அவளைப் பார்க்கலையே" என்றாள்.

"இங்க..."

"நீ போயேண்டி!" என்றாள் சைரன். "நாங்க என்ன ஓடியா போயிடுவோம்? பிள்ளைகிட்டச் சொல்லுங்க, பெரியம்மாக்காரிங்க எல்லாம் வாசல்லயே இருக்காளுங்கன்னு!"

சின்னவள் பெரியவளை மன்னித்துவிட்டாளா என்று என்னைக் கேட்காதீர்கள். அவளையே கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இருவரும் ஆஸ்பத்திரிவரை பேசாமல் நடந்தார்கள். வழியில் சின்னவளுக்குத் தலை சுற்றியபோது பெரியவள் தோளைக் கொடுத்தாள், சின்னவள் பிடித்துக்கொண்டாள்.

கண்ணாடிப் பெட்டி அறைக்குள் போகுமுன் கையைக் கழுவச் சொன்னார்கள். பெரியவள் முழங்கைவரை சோப்புப் போட்டாள். கழுவினாள். மறுபடியும் போட்டாள். நகத்துக்கு அடியில், விரல் இடுக்கில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தாள். நர்ஸ் வந்து குழாயை மூடினாள். "போதும்மா, சுத்தமாயிடுச்சு."

"அளந்து பார்க்கலையேம்மா, எப்படித் தெரியும்?" என்று பெரியவள் கேட்டாள். சின்னவள்தான் அந்த ஈரக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய், கண்ணாடியில் இருந்த ஓட்டை வழியாக விட்டாள்.

பெரியவள் ஒரு விரலால் அந்தப் பாதத்தைத் தொட்டாள். குழந்தை காலை இழுத்துக்கொண்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் நீட்டியது. மார்புக்கூடு ஏறி இறங்கியது. அந்தச் சின்னத் தலையைப் பெரியவள் கண்ணைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்தாள். கிண்ணத்துப் பால் குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்கி முடியும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

அப்புறம் பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ இவகிட்ட இரு. நான் சலவைக்கூடத்து வாசலுக்குப் போறேன்" என்றாள். "பொழுது சாய்ஞ்சதும் வந்து உன்னை மாத்தி விடறேன். அப்ப நீ அங்க போய் அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காரு."

"சரிக்கா" என்றாள் சின்னவள்.